வகை குறிக்காத மின்தடை

திரையின் நடுவே அந்தச் செவ்வகம் மட்டும் காலியாக இருக்கிறது. சுற்றிலும் எல்லாம் நிரம்பிவிட்டது. பச்சையும் சிவப்பும் நீலமுமாக ஓர் ஊரே குடியேறி, தெரு வகுத்து, சுவர் எழுப்பி அமர்ந்துவிட்டது. இந்த ஒரு மனை மட்டும் வெறுமையாக என்னைப் பார்த்துக்கொண்டு, எதை வைக்கப்போகிறாய் உலகம்மாள், எதை வைக்கப்போகிறாய் என்று கேட்டுக்கொண்டு. ஒரு மின்தடை. வைக்கவேண்டியது ஒரே ஒரு மின்தடைதான், மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர். மின்சார ஸ்கூட்டரின் பேட்டரிக்குக் காவல் நிற்கப்போகிற சிப்பின் வரைபடம் இது. மின்னோட்டம் எந்த அளவைத் தாண்டினால் இணைப்பைத் துண்டிக்கவேண்டும் என்ற எல்லையை அந்த மின்தடைதான் வகுக்கிறது. அது ஏறினால் எல்லையும் ஏறும். அது பொய் சொன்னால் காவலும் பொய். நகக்கண்ணில் ஒட்டிய தூசியைவிடச் சிறிய பொருளுக்குள் இவ்வளவு பெரிய பொறுப்பை யார் வைத்தார்கள்? நாங்கள்தான் வைத்தோம். பொறுப்பைச் சிறிதாக்கிச் சிறிதாக்கி, கண்ணுக்குத் தெரியாமற்போகும் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு, அதைத் திறமை என்றும் அழைத்துக்கொண்டோம். இன்று மாலை கோப்பு கடல்கடந்த தொழிற்சாலைக்குப் போகவேண்டும். பல நிறுவனங்களின் சிப்புகள் ஒரே சிலிக்கான் தட்டில் இடம்பிடித்துச் செய்யப்படுகிற சுற்று அது, ரன் என்போம். தவறவிட்டால் அடுத்த சுற்று மழைக்காலம் முடிந்த பிறகு. அதுவரை இந்தக் குழு இருக்குமா என்று கேண்டீனில் பேசிக்கொள்கிறார்கள். ஏற்கெனவே இரண்டு குழுக்களின் நாற்காலிகள் சுவரோரம் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுவிட்டன. அந்த அடுக்கைக் கடக்கும்போதெல்லாம் என் நாற்காலி அதில் எத்தனையாவதாக இருக்கும் என்று பார்க்கிறேன். பார்க்கக்கூடாது என்று எண்ணியபடியே பார்க்கிறேன்.

இந்த அறைக்குச் சன்னல் இல்லை. தொழிற்சாலை தந்த இரகசிய விதிகள் வெளியே போகக்கூடாது என்பதால் கைப்பேசியைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு, அட்டையைக் காட்டி, இரண்டு கதவுகளைக் கடந்து வரவேண்டும்; முதல் கதவு சாத்தினால்தான் இரண்டாவது திறக்கும். இரண்டுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்க இடம். தினமும் அங்கே நிற்கும் கணத்தில், இரண்டாவது திறக்காவிட்டால், என்று ஓர் எண்ணம் வரும், திறந்துவிடும், எண்ணம் மறந்துவிடும். இன்று மறக்கவில்லை. உள்ளே குளிர்காற்று ஒரே சீராக, யாரையும் நோக்காமல் இரைகிறது. வெளியே தரமணி வெயில். இந்தக் குளிரில் உட்கார்ந்துகொண்டு சூட்டைப் பற்றி நான் முடிவுசெய்யவேண்டியிருக்கிறது. மேசைமேல் இருக்கும் உள்தொடர்புத் தொலைபேசி ஒலிக்கிறது. எட்வின் சார், எங்கள் மேலாளர், வெளியே தன் இருக்கையிலிருந்து. "உலகம்மா, அந்த பாக்ஸ் இன்னும் காலியாத்தான் இருக்காமே?" "என்ன வகை போடறதுன்னு பார்த்துட்டிருக்கேன் சார்." "இதுல பார்க்க என்ன இருக்கு, பொண்ணுக்கு மாப்பிள்ளையா பார்க்கறீங்க? வெல் வகையைப் போட்டு மூடுங்க. கச்சிதமா உக்காரும்." "சூட்டுல ஏறும் சார் அது." "வேல்யூ முன்னபின்ன இருந்தா டெஸ்ட்ல டிரிம் பண்ணிச் சரிக்கட்டிக்கலாம்." "டிரிம் ஏசி ரூம்லதானே சார் பண்ணுவோம். பேட்டரி ஏசி ரூம்லயா இருக்கும்?" அவர் எதையோ மெல்லும் சத்தம். மதியச் சாப்பாட்டை இப்போதுதான் சாப்பிடுகிறார் போலும். "நான் கஸ்டமரை ஹோல்டுல வெச்சிருக்கேன். கோப்பு அங்க போயாகணும். உங்களுக்குத் தெரியாததில்ல." வைத்துவிட்டார். தெரியாததில்லை. எனக்குத் தெரியாததில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். தெரிந்திருப்பதே எனக்குக் குற்றமாகிவிடும்போலிருக்கிறது.

தெரிந்ததைச் சொல்லிப்பார், உலகம்மாள், ஒழுங்காகச் சொல்லிப்பார். வகை மூன்று. சிலிக்கான் தரையையே குழித்து அதற்குள் அமைப்பது வெல் மின்தடை. சிறிய இடத்தில் பெரிய மதிப்பைத் தரும். ஆனால் சூடு ஏற ஏறத் தன் மதிப்பையும் ஏற்றிக்கொள்ளும், கொதிக்கும் பேட்டரியின் அருகே கால் பங்குக்கும் மேல். தரைக்கு மேலே படலமாக ஓடும் பாலி மின்தடை வெயிலுக்கும் குளிருக்கும் பெரிதாக அசையாது. ஆனால் இதே மதிப்புக்கு இந்தச் செவ்வகத்தைப்போலப் பல செவ்வகங்கள் கேட்கும். அதற்கு இடமளிக்க அக்கம்பக்கத்துச் சுவர்களை எல்லாம் இடித்துக் கட்டவேண்டும், அது இன்று மாலைக்குள் ஆகாது. மூன்றாவது, உயர்தடைப் பாலி. சிறியது, நிலையானது, இரண்டின் நன்மையும் கொண்டது. ஆனால் அதைச் செய்வதற்குத் தொழிற்சாலையில் தனியாக ஒரு படி வேண்டும், செலவு கூடும், அந்தப் படியே வேண்டாம் என்று வாடிக்கையாளர் முதல் நாளே சொல்லிவிட்டார். ஆகவே நல்லது இல்லை, உண்மையானதற்கு இடமில்லை, இடத்துக்குப் பொருந்துவது உண்மையாக இல்லை. வாழ்க்கை முழுவதும் இந்த மூன்று கதவுகள்தாமா? எதைத் திறந்தாலும் அடுத்தது சாத்திக்கொள்ளும். மனம் தப்பிக்க ஒரு கதை சொல்லத் தொடங்குகிறது. அது எப்போதும் அப்படித்தான். மூலையில் மாட்டிக்கொண்டால் கதை சொல்லும். ஒரு நகரத்துத் தானியக் கிடங்கின் வாசலில் அளந்துபோட ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஒருவன் வந்தான், கோடையிலும் மாரியிலும் அவன் கை ஒரே அளவாக அள்ளும்; ஆனால் கால் நீட்டி உட்கார முற்றம் முழுவதும் கேட்டான். மற்றொருவன் வந்தான், எந்த மூலையிலும் முடங்கிக்கொள்வான். ஆனால் வெயில் ஏற ஏற அவன் கை வீங்கும், காலையில் ஒரு படி அள்ளியவன் உச்சிப்பொழுதில் ஒன்றேகால் படி அள்ளுவான். அதிகாரி இரண்டாமவனை விடியற்காலையில் அழைத்துச் சோதித்தான். அளவு சரியாக இருந்தது. அமர்த்திக்கொண்டான். கோடை வந்தது. கிடங்கு எப்போது காலியானது என்று எவருக்கும் தெரியவில்லை, ஏனெனில் ஒவ்வொரு விடியற்காலையிலும் சோதனை நடந்தது, ஒவ்வொரு விடியற்காலையிலும் அளவு சரியாக இருந்தது. நல்ல கதை. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். கையின் அளவைத் திருத்தலாம், கையின் குணத்தைத் திருத்தமுடியாது என்று முடிக்கலாம். ஆனால் இந்தக் கதையில் நான் எங்கே நிற்கிறேன்? நான் அதிகாரி அல்ல. அளப்பவனும் அல்ல. அவனுக்கு மூலையில் பாய் விரித்துக்கொடுத்தவள் ஒருத்தி இருந்திருப்பாளே, அவளைப் பற்றிக் கதை ஒன்றும் சொல்லவில்லை. மேலும் அங்கே குறைந்தது தானியம். தானியத்துக்குத் தீப்பிடிக்கவில்லை. எவரும் புகையில் எழுந்து இருமவில்லை. என் கதைகூட எனக்குச் சௌகரியமான இடத்தில் நின்றுவிடுகிறது, கதையை நம்பாதே.

பள்ளிக்கரணையில் எங்கள் குடியிருப்புக்கு ஒரே மாடிப்படி. அதன் அடியில் நான்கு ஸ்கூட்டர்கள் மின்சாரம் குடித்துக்கொண்டு நிற்கும். கீழ்வீட்டு தஸ்தகீர் பாய் தன் வண்டிக்குமேல் பழைய போர்வையைப் போட்டு மூடுவார். "ஏன் பாய், வண்டிக்குக் குளிருமா?" என்று ஒருநாள் கேட்டேன். "தூசி படக்கூடாதும்மா, பிள்ளை மாதிரி வெச்சிருக்கேன்" என்றார். போர்வைக்குமேல் தெரியாமல் கை வைத்தேன். இட்லிப்பானை மூடியைத் தொட்டதுபோல் இருந்தது. எடுத்துவிட்டேன். படியேறிப் போய்விட்டேன். மேலே என் மகள் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். காற்று கீழிருந்துதான் வரும் எங்கள் வீட்டுக்கு. கீழிருந்துதான் எல்லாம் வரும். படி ஒன்றே. இறங்குவதற்கு வேறு வழி இல்லை என்பதை வீடு பார்க்கும்போது யார் யோசிக்கிறார்கள்? சூரிய வெளிச்சம் வருகிறதா, தண்ணீர் வருகிறதா, பள்ளிக்கூடம் பக்கமா என்று பார்த்தோம். பேட்டரி கொதிக்கும், மின்னோட்டம் எல்லையைத் தாண்டும், அப்போது ஒரு சிப் விழித்துக்கொண்டு போதும் என்று துண்டிக்கவேண்டும். சூட்டில் மின்தடை வீங்கி, எல்லையும் வீங்கி, இன்னும் இருக்கிறது, இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று சிப் நினைத்துக்கொண்டிருந்தால்? எப்போது காவல் மிகவும் தேவையோ அப்போதுதான் அது மிகவும் அசட்டையாக இருக்கும். இப்படிப்பட்ட மனிதர்களை நான் பார்த்திருக்கிறேன். குளிர்ந்த நேரத்தில் நேர்மையாளர்கள். அவர்களைச் சோதிக்கும் அறைகளெல்லாம் குளிரூட்டப்பட்டவை. நான் எந்த வகை? ஐயோ, இப்போது அது கேள்வியல்ல. இப்போது அதுதான் கேள்வி.

மின்சுற்றை வடிவமைத்தவர் என்ன வகை குறித்திருக்கிறார் என்று பார்ப்போம், அதையே வைத்துவிட்டுப் போவோம், முடிவு என்னுடையதாக இல்லாமற்போகட்டும் என்று ஒரு சின்ன வாசல் திறக்கிறது. வெட்கத்தோடு அதற்குள் நுழைகிறேன். சுற்றுப்படத்தைத் திறக்கிறேன். கோணல்மாணலான அந்தக் குறி இருக்கிறது, மதிப்பு எழுதியிருக்கிறது, வகை இல்லை. பாலி என்றும் இல்லை, வெல் என்றும் இல்லை. வெறும் மின்தடை. பாடப்புத்தகத்தில் மட்டும் இருக்கும் மின்தடை. அதற்குச் சூடு தெரியாது, வயது தெரியாது, பக்கத்து வீட்டார் யார் என்று தெரியாது. வடிவமைத்தவன் ரெங்கமன்னார், இதே அறையில் எனக்குப் பின்னால் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருக்கிறான். திரும்பாமலேயே கூப்பிடுகிறேன். "ரெங்கா, இந்த ரெசிஸ்டருக்கு வகையே குறிக்கலையே." நாற்காலிச் சக்கரம் உருண்டு வருகிறது. "அது சும்மா போட்டு வெச்சதுக்கா. போன வாரம் கஸ்டமர் திடீர்னு இந்த பிளாக்கைக் கேட்டாங்கல்ல. பழைய சிப்லேர்ந்து எடுத்தேன். அங்க உயர்தடைப் பாலி இருந்துச்சு, இங்க அது இல்ல. அப்புறம் மாத்திக்கலாம்னு..." "அப்புறம்னா எப்போ?" அவன் திரையைப் பார்த்தான். "இப்பதான் போல." "கம்ப்யூட்டர்ல எல்லாச் சூட்டுலயும் ஓட்டிப் பாஸ்னு காட்டினியே." "பாஸ்தானேக்கா ஆச்சு." "எதை வெச்சுடா பாஸ் ஆச்சு?" அவன் காட்டிய வரைபடத்தை ஆய்வுக்கூட்டத்தில் எல்லோரும் பார்த்தோம். உறைகுளிரிலிருந்து கொதிசூடு வரை ஒரு நேர்கோடு, ஏரித்தண்ணீர்போல அசையாமல். எட்வின் சார் கைதட்டினார். நானும் தட்டினேனா? தட்டியிருப்பேன். உலகத்தில் இல்லாத ஒரு நல்லவனை நிறுத்தி எல்லாச் சோதனையிலும் தேறிவிட்டோம். இப்போது அவன் இடத்தில் உலகத்தில் இருக்கும் ஒருவனை உட்கார வைக்கவேண்டும், அவன் பெயரைக் கேட்கவே பயமாக இருக்கிறது.

வேறு வழி, வேறு வழி. பாலிப் பட்டைகளை ஒல்லியாக்கினால்? மிக ஒல்லியாக்கினால் தொழிற்சாலையில் அரித்துச் செதுக்கும்போது ஒன்றுபோல் ஒன்று வராது. ஓரத்து டம்மிப் பட்டைகளை எடுத்துவிட்டால்? வரிசையின் இரு ஓரங்களிலும் மின்சாரம் ஓடாத இரண்டு பட்டைகளை நிறுத்துவது எங்கள் தொழிலின் வழக்கம். ஓரத்தில் நிற்பது எப்போதும் கூடுதலாகவோ குறைவாகவோ அரிபட்டுப்போகும், அந்தக் கேட்டைத் தாம் வாங்கிக்கொண்டு உள்ளே இருப்பவற்றை ஒரே அளவாகக் காப்பதற்காக அவை அங்கே நிற்கின்றன. அவற்றுக்கு வேறு வேலை இல்லை. இடம் பற்றாதபோதெல்லாம் முதலில் அவற்றைத்தான் எடுக்கச் சொல்வார்கள். சும்மா நிற்கிறதுதானே. எடுத்துப் பார்க்கிறேன். அப்போதும் கொள்ளவில்லை. மடித்துப் பார்க்கிறேன், மடிப்பில் ஒவ்வொரு மூலையும் முழுக்கட்டமாக இல்லாமல் அரைக்கட்டமாகக் கணக்காகி மதிப்பைத் தின்கிறது. பாதியை வெல்லாகவும் பாதியைப் பாலியாகவும் வைத்தால்? பாதிப் பொய். பாதிப் பொய்யும் சூட்டில் ஏறும். திரும்பத் திரும்ப அதே செவ்வகத்தின் நான்கு சுவர்களைத் தொட்டுத் தொட்டுத் திரும்புகிறேன். ஓட்டையில்லாத பெட்டிக்குள் எறும்பு போல. வெல்லை வை. பத்து நிமிட வேலை. சரிபார்க்கும் மென்பொருள் பச்சை காட்டும். அளவு சரியா, இடைவெளி சரியா என்று மட்டுமே அதற்குக் கேட்கத் தெரியும். கோப்பு போகும். நாற்காலி அடுக்கப்படாது. மகளுக்குப் பள்ளி மாறவேண்டாம். யார் வந்து சிப்பைப் பிளந்து, எந்தப் பட்டை எந்த வகை என்று பார்க்கப்போகிறார்கள்? யாரும் பார்க்கமாட்டார்கள். நெஞ்சே, அதைத்தான் சொல்கிறேன், கேள்: யாரும் பார்க்காத இடத்தில் வைப்பதுதான் உன் வேலை. உன் தொழில் முழுவதும் அதுதான். கட்டடம் கட்டுகிறவன் கோணல் சுவரை ஊர் பார்க்கும். நீ கட்டுவதை ஒருவரும் பார்க்கமாட்டார்கள் என்பதால்தான் உன்னிடம் அறம் கேட்கப்படுகிறது. சரி, மறுக்கிறேன் என்று வைத்துக்கொள். நான் வைக்கமாட்டேன் என்று எழுந்துபோனால் ரெங்கமன்னார் வைப்பான். அவன் மறுத்தால் வேறொருவர். என் மறுப்பு என் கையை மட்டும் கழுவும், மாடிப்படியைக் காக்காது. தூய்மையாக வெளியே போவதும் ஒரு வகைத் தப்பிப்புத்தான். என்ன செய்தால் யாராலும் வைக்கமுடியாமற்போகும்? வைப்பதன் பெயரைச் சொன்னால். பெயரைச் சொல்லி, சூட்டில் ஓட்டி, கோடு எங்கே போகிறது என்று எல்லோர் கண்ணிலும் பட்டுவிட்டால்.

"ரெங்கா, அந்தக் குறியில வெல்னு போடு. போட்டுச் சூட்டுல ஓட்டு." அவன் குரல் இறங்கிவிட்டது. "வேணாம்க்கா. ஓட்டினா ரிசல்ட் பதிஞ்சிடும். அழிக்க முடியாது." "தெரியும்." "அப்ப முன்னாடி காட்டினது என்னன்னு கேப்பாங்க. என்னைத்தானே கேப்பாங்க?" அவனுக்குச் சித்திரையில் கல்யாணம், ஸ்ரீவில்லிபுத்தூரில் மண்டபம் பேசியாகிவிட்டது. முகம் சிறுத்துப்போயிருக்கிறது. எனக்கு அவன்மேல் கோபம் வரவேண்டும், வரவில்லை. அவன் மாட்டியிருக்கும் இடமும் நான் மாட்டியிருக்கும் இடமும் ஒரே செவ்வகம்தான். "தள்ளு, என் பேர்ல நான் ஓட்டறேன்" என்று விசைப்பலகையை என் பக்கம் இழுக்கிறேன். அவன் ஒரு நிமிடம் என் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறான். "நீங்க ஓட்டினா, ரெங்கன் ஒளிச்சதை அக்கா கண்டுபிடிச்சாங்கன்னு ஆகும்." "அதுவும் சரிதான்." "என் சர்க்யூட்க்கா. நானே ஓட்டறேன். நீங்க பக்கத்துல இருங்க, போதும்." இருந்தேன். அவன் வகையை எழுதினான். சூட்டை எண்பத்தைந்து டிகிரி வரை ஏற்றினான். கணக்கு ஓடுகிறது. காத்திருக்கும்போது குளிர்காற்றின் இரைச்சல் பெரிதாகிறது. ஒருவேளை கோடு ஏறாமலிருக்கலாம். ஒருவேளை என் பயமெல்லாம் வீண். அப்படியானால் வெல்லை வைத்துவிட்டு வீட்டுக்குப் போவேன். அப்படி ஆகட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். வேண்டிக்கொள்ளும்போதே, ஏறட்டும், ஏறித்தொலையட்டும் என்று இன்னொரு குரல். இரண்டில் எது என்னுடையது? கோடு வந்தது. இடது ஓரத்தில் அமைதியாகக் கிளம்பி, நடுவில் எல்லையைத் தொட்டு, பிறகு கூச்சமே இல்லாமல் அதற்கு மேலே நடந்துபோனது. ரெங்கமன்னார் மெதுவாக, "கால் பங்குக்கும் மேலக்கா" என்றான்.

தொலைபேசி ஒலிக்கிறது. "முடிஞ்சுதா?" "உள்ள வாங்க சார். வந்து ஒண்ணு பாருங்க." "போன்லயே சொல்லுங்க." "சொல்ல முடியாது சார். பார்க்கணும்." கழுத்துப்பட்டையில் சாம்பார்த் துளியோடு எட்வின் சார் எங்கள் பின்னால் வந்து நின்றார். "இது என்ன?" "வெல் சார்" என்றான் ரெங்கமன்னார். "முன்னாடி நான் காட்டினது வகை போடாம ஓட்டினது. அது தப்பு." அவர் நெடுநேரம் அந்தக் கோட்டைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் எளிதாக இருந்திருக்கும். "இதை இன்னிக்கு ஓட்டச் சொன்னது யாரு?" "நான்தான் சார்." "நாளைக்கு ஓட்டியிருக்கலாம்ல?" அதை அவர் சிரிக்காமல் கேட்டார், ஆசையாகவே கேட்டார் என்று தோன்றியது. "நாளைக்கு ஓட்டியிருந்தா கோப்பு போயிருக்கும் சார். நம்மளால பார்க்கத்தான் முடியும்." காலியாக இருந்த ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அவருக்கும் வயதாகிவிட்டது என்று அப்போதுதான் பார்த்தேன். "இந்த ரன்ல நம்ம சிப் இல்லைன்னா, அடுத்த ரன்ல நீங்க இருப்பீங்களான்னு என்னால சொல்ல முடியாது உலகம்மா. நான் இருப்பேனான்னே தெரியல." "தெரியும் சார்." "தெரிஞ்சுமா?" பெரிய வார்த்தைகள் எல்லாம் வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்தன. "நாம இருப்போமோ இல்லையோ சார், அந்த ரெசிஸ்டர் பத்து வருஷம் எவன் வீட்டு வாசல்லயோ இருக்கும்" என்றேன். அவர் முழங்காலில் கையூன்றி எழுந்தார். "பாலி எவ்வளவு இடம் கேக்கும்?" திரையில் விரலால் ஒரு வட்டம் காட்டினேன், பக்கத்துக் குடிகள் பாதிப்பேர் அதற்குள் வந்தார்கள். அவர் உச்சுக்கொட்டினார். "கஸ்டமர்கிட்ட நான் பேசறேன். என்ன பேசுவேன்னு கேக்காதீங்க." போய்விட்டார். இன்று மாலை எங்கள் இடம் காலியாகவே அந்தத் தட்டு கிளம்பும். நாளை இந்த அறைக்குள் என் அட்டை வேலை செய்யுமா என்று தெரியாது. விடுதலை ஒன்றும் வரவில்லை. அதே குளிர், அதே நான்கு சுவர். ரெங்கமன்னார் சுற்றுப்படத்துக்குத் திரும்பி, மின்தடையின் குறியருகே சுட்டியை நிறுத்தி, "என்ன போடட்டும்க்கா?" என்றான். "பாலி" என்றேன். எழுதினான். நான் செவ்வகத்தின் ஓரத்தைப் பிடித்து வெளியே இழுத்தேன்; சுற்றியிருந்த இணைப்புகள் ஒவ்வொன்றாக அறுந்து, திரை முழுவதும் பிழைக்குறிகள் சிவந்தன. முதல் பட்டையை வரையத் தொடங்கினேன்.